ஆங்கிலமும் நாப்பழக்கமே



நெகிரி செம்பிலான் மாநிலத்தில், ரந்தாவை அடுத்த கோலா சாவா வட்டாரத்திலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் குடும்பங்களை மனத்தில் கொண்டு இன்றைய பேச்சை அமைத்திருக்கிறோம். படிவம் ஐந்தில் பயிலும் பிள்ளைகள் எஸ்.பி.எம். ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்கு வீட்டிலேயே எவ்வாறு ஆயத்தமாகலாம் என்பதுதான் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

"இது பிள்ளைகள் விஷயம். எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே!" என்று சொல்லித் தாய்மார்கள் அடுப்படிக்குத் திரும்பிவிட வேண்டாம். தந்தைமார்கள் செய்தி அறிக்கைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். இந்தத் தேர்வில் பெற்றோர் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. அதற்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் பழைய நிலையைச் சிறிது நினைத்துப் பார்ப்போம். நம் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்து ஆபீசில் ஒரு குறையைச் சொல்ல வேண்டுமானால் தொழிலாளி தானே துரையிடம் சொல்வது அரிது. நடுவில் கிராணி நிற்பார். தொழிலாளி தமிழில் சொல்வதைக் கிராணி ஆங்கிலத்தில் சொல்வார். அவர் எவ்வளவு சொன்னார், எதை விட்டார் என்று நம்மவருக்குத் தெரியாது. சிரம்பானில் செயின்ட் பால் பள்ளி 1899-லேயே தொடங்கப்பட்டது. ஆனால் தோட்டத்து லயத்துக்கும் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்கும் இடையே இருந்த தூரத்தை மைலால் மட்டும் அளக்க முடியாது. சம்பளம், சீருடை, பஸ் காசு ஆகிய எல்லாம் அந்தத் தூரத்தில் அடங்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பு முடிந்தது.

அதே காலத்தில் ஆங்கிலத்தைத் தொழிலாளர் நலனுக்குப் பயன்படுத்தியவர்களும் இருந்தார்கள். நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியாற்றிய பி. பி. நாராயணன், 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளரானார். முதலாளிமார் சங்கத்தோடு மேசைக்கு எதிரே அமர்ந்து சம்பளத்துக்காகவும் சலுகைக்காகவும் வாதாடிய அவர், 1975-இல் அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கப் பேரவைக்கே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நம் சொல்லை நாமே எடுத்துச் சொல்ல முடிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது ஒரு சான்று.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 1970 முதல் ஆங்கிலவழிப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாகத் தேசிய மொழிக்கு மாறின. ஆங்கிலம் எல்லாப் பள்ளிகளிலும் கற்பிக்கப்படும் பாடமாயிற்று. பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல குடும்பங்கள் லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. பிள்ளைகள் பதினோரு ஆண்டுகள் ஆங்கிலம் படிக்கிறார்கள். எழுதச் சொன்னால் ஓரளவு எழுதுகிறார்கள். எதிரே ஒருவர் அமர்ந்து கேள்வி கேட்டால் மட்டும் நா எழவில்லை. ஏன்? கையால் படித்த ஆங்கிலத்தை வாயால் பழகவில்லை. அவ்வளவுதான் காரணம்.

இனித் தேர்வு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். 2021-ஆம் ஆண்டு எஸ்.பி.எம். முதல் ஆங்கிலப் பாடத்துக்கு நான்கு தாள்கள் உள்ளன. வாசிப்பு ஒன்று, எழுத்து ஒன்று, பேச்சு ஒன்று, கேட்டல் ஒன்று. பேச்சு மூன்றாம் தாள். அதற்கு 24 புள்ளிகள். மாணவர்கள் பெரும்பாலும் இருவர் இருவராக உள்ளே செல்வார்கள். இரண்டு ஆசிரியர்கள் இருப்பார்கள். ஒருவர் கேள்வி கேட்பார். மற்றவர் பேசாமல் கவனித்துப் புள்ளியிடுவார். எல்லாம் ஏறத்தாழப் பதின்மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த இரண்டாம் ஆசிரியர் முகத்தில் சிரிப்பில்லை என்று சில பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். அவர் எழுதுவதிலும் கேட்பதிலும் கவனமாயிருக்கிறார். அவர் கோபமாய் இல்லை என்பதை முன்பே சொல்லி வையுங்கள்.

தேர்வில் மூன்று பகுதிகள். முதல் பகுதியில் ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சில எளிய கேள்விகள் கேட்பார். வீடு, பள்ளி, நண்பர், பொழுதுபோக்கு போன்றவை பற்றியே அவை இருக்கும். இரண்டாம் பகுதியில் ஒரு தாளில் ஒரு தலைப்பும் அதன் கீழ்ச் சில குறிப்புகளும் கொடுக்கப்படும். சில நொடிகள் யோசித்துவிட்டு ஏறத்தாழ ஒரு நிமிடம் தனியே பேச வேண்டும். மூன்றாம் பகுதியில் இருவரும் ஒரு பொருளைப் பற்றித் தங்களுக்குள் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். இலக்கணம், சொல்வளம், பேச்சைக் கொண்டு செல்லும் திறமை ஆகியவற்றைப் பார்த்துப் புள்ளி கொடுப்பார்கள். பேசாத பிள்ளைக்கு எப்படிப் புள்ளி போடுவது? தவறோடு பேசினாலும் சில புள்ளிகள் கிடைக்கும். மௌனத்துக்கு அவையும் கிடைக்கமாட்டா.

மூன்று பகுதிகளுக்கும் வீட்டில் எப்படிப் பழகலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதல் பகுதிக்கு வழி, ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் இருப்பது. "டு யூ லைக் குக்கிங்?" என்று கேட்டால் "யெஸ்" என்று சொல்லிவிட்டுக் கூரையைப் பார்க்கும் பிள்ளைகள் பலர். "யெஸ்" என்றதும் "பிகாஸ்" வர வேண்டும். ஏன் பிடிக்கும், யாரோடு சமைப்பாய், என்ன சமைப்பாய் என்று இன்னும் இரண்டு வாக்கியம் வர வேண்டும். "யெஸ், ஐ டூ. ஐ குக் வித் மை கிராண்ட்மதர் ஆன் சண்டேஸ். ஷீ டாட் மீ டு மேக் தோசை." இவ்வளவு போதும். தோசைக்கு ஆங்கிலச் சொல் தேட வேண்டியதில்லை. நம் உணவின் பெயரும் நம் திருவிழாவின் பெயரும் அப்படியே வரலாம். தீமிதி என்று சொல்லிவிட்டு, அது என்ன என்பதை ஒரு வாக்கியத்தில் விளக்கினால் பேச்சு இன்னும் வளரும்.

இரண்டாம் பகுதிக்குப் பிள்ளைகள் பெரிதும் அஞ்சுகிறார்கள். ஒரு நிமிடம் எதைப் பேசுவது? இதற்காகச் சிலர் அச்சடித்த விடைகளை மனப்பாடம் செய்கிறார்கள். தலைப்பு சற்று மாறினால் மனப்பாடம் நடுவில் அறுந்துவிடும். அறுந்த இடத்தைப் பிடிக்க முடியாமல் பிள்ளை தவிக்கும். ஒப்புவிக்கும் குரல் வேறு, பேசும் குரல் வேறு என்பது ஆசிரியர்களுக்கும் எளிதில் தெரியும். ஆகவே விடையை மனப்பாடம் செய்வதை விட்டு, விடை கட்டும் முறையைப் பழக வேண்டும். அதற்கு ஒரு கை போதும். சுண்டுவிரலுக்கு யார் அல்லது எது, மோதிரவிரலுக்கு எங்கே, எப்போது, நடுவிரலுக்கு என்ன நடந்தது, ஆள்காட்டிவிரலுக்கு ஏன், கட்டைவிரலுக்கு அதைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன். விரலுக்கு இரண்டு வாக்கியம் வைத்தால் பத்து வாக்கியம் ஆயிற்று. நிமிடம் நிரம்பிவிடும்.

பொருளுக்கு எங்கே போவது? வீட்டிலேயே இருக்கிறது. "நான் மதிக்கும் ஒருவர்" என்று தலைப்பு வந்தால், பால்மரம் வெட்டும் அம்மாவைப் பற்றிப் பேசலாமே! "மை மதர் இஸ் எ ரப்பர் டாப்பர். ஷீ கெட்ஸ் அப் அட் ஃபோர் இன் த மார்னிங். ஷீ ஸ்டார்ட்ஸ் ஒர்க் பிஃபோர் த சன் இஸ் ஹாட், பிகாஸ் த லேட்டெக்ஸ் ஃப்ளோஸ் வெல் வென் த ஏர் இஸ் கூல்." வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாய் இறங்கும் என்பதை நீங்கள் ஒவ்வொரு நாளும் கைப்பட அறிந்திருக்கிறீர்கள். உளி எப்படிப் பட்டையில் ஓட வேண்டும், ஆழமாகப் போனால் மரத்துக்கு என்ன கேடு, மங்கில் நிறைந்த பாலை எப்போது சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் பட்டணத்துப் பிள்ளைக்குத் தெரியாத செய்தி. செம்பனைத் தோட்டமானால் குலை பழுத்ததை எப்படி அறிவது, கீழே விழுந்த உதிரிப் பழத்தை ஏன் பொறுக்குகிறோம் என்று சொல்லலாம். வேலையை முறையாக விளக்கும்போது "ஃபர்ஸ்ட்", "நெக்ஸ்ட்", "ஆஃப்டர் தட்", "ஃபைனலி" என்ற சொற்கள் தாமே வந்து வாக்கியங்களைக் கோத்துவிடும். ஆகவே அம்மா, உங்கள் வேலையைப் பிள்ளைக்குத் தமிழில் வரிசையாகச் சொல்லிக்கொடுங்கள். அதை ஆங்கிலத்தில் சொல்லும் வேலை பிள்ளையுடையது.

மூன்றாம் பகுதி கோலாட்டம் போன்றது. எதிரில் உள்ளவரின் கோல் வந்து பட்டால்தான் நம் கோலில் ஓசை பிறக்கும். தான் மட்டும் பேசித் தோழனைப் பேசவிடாத பிள்ளை, தன் திறமையைக் காட்டிவிட்டதாக நினைக்கும். கலந்து பேசத் தெரியவில்லை என்றே அதற்குப் பொருள் கொள்ளப்படும். தோழன் சொன்னதைக் கேட்டு, "ஐ அக்ரீ வித் யூ" என்றோ, "தட்ஸ் எ குட் பாயிண்ட், பட் ஐ திங்க்..." என்றோ தொடர வேண்டும். தோழன் திகைத்து நின்றால் "வாட் டு யூ திங்க்?" என்று கேட்டுக் கைகொடுக்க வேண்டும். கேள்வி புரியாவிட்டால் "குட் யூ ரிபீட் தட், ப்ளீஸ்?" என்று பணிவாகக் கேட்கலாம். இத்தகைய பத்துப் பன்னிரண்டு தொடர்களை மட்டும் மனப்பாடம் செய்வதில் தவறில்லை. எந்தத் தலைப்புக்கும் இவை பயன்படும்.

வீட்டில் இதை எப்படிப் பழகுவது? அண்ணன் தங்கை, அடுத்த வீட்டுப் பிள்ளை, யாராயினும் இருவர் இருந்தால் போதும். "கோயில் திருவிழாவுக்குச் சேர்த்த பணத்தில் முதலில் எதைச் செய்யலாம்? பந்தலா, அன்னதானமா, பிள்ளைகளுக்குப் போட்டிகளா?" இப்படி ஒரு கேள்வியை நீங்கள் தமிழிலேயே கொடுங்கள். மூன்று நிமிடம் ஆங்கிலத்தில் வாதாடி ஒரு முடிவு சொல்லட்டும்.

அடுத்து, பலர் மனத்தில் இருக்கும் ஓர் ஐயம். "தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்கு ஆங்கிலம் வராது" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது எவ்வளவு தவறு என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் காட்டுகிறோம்.

"நான் வேலை செய்கிறேன், அவள் வேலை செய்கிறாள்" என்று தமிழில் ஆளுக்கு ஏற்ப வினைச்சொல் மாறுகிறது. ஆங்கிலத்திலும் "ஐ ஒர்க்", "ஷீ ஒர்க்ஸ்" என்று மாறுகிறது. மலாய்மொழியில் அப்படி மாறுவதில்லை. "வந்தான், வருகிறான், வருவான்" என்று காலம் காட்டத் தமிழ் பேசும் பிள்ளைக்குத் தெரியும். அவன், அவள் என்ற வேறுபாடும் தெரியும். ஆகவே "எஸ்டர்டே ஐ கோ டு டவுன்" என்று பிள்ளை சொன்னால், "நேற்று நான் போகிறேன் என்று தமிழில் சொல்வாயா?" என்று கேளுங்கள். "வென்ட்" என்று பிள்ளை தானே திருத்திக்கொள்ளும். பிழையின் பெயர் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. தமிழில் அது எப்படி ஒலிக்கும் என்று கேட்டாலே போதும்.

உச்சரிப்பும் அப்படித்தான். "பென்சில்", "பெஞ்சு" என்ற இரண்டு சொற்களையும் தமிழில் "பெ" என்ற ஒரே எழுத்தால் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டும் வெவ்வேறு ஒலிகள். பென்சிலுக்குப் "பல்" என்ற சொல்லில் வரும் ஒலி; பெஞ்சுக்குக் "கம்பு" என்ற சொல்லில் வரும் ஒலி. இரண்டும் நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. கம்பில் நடுவே வரும் ஒலியைச் சொல்லின் தொடக்கத்தில் வைத்துப் பழக வேண்டும், அவ்வளவே. அவ்வாறே "கல்" என்பதில் ஓர் ஒலி, "தங்கம்" என்பதில் வேறோர் ஒலி. "பட்டம்" என்பதில் ஒன்று, "வண்டி" என்பதில் மற்றொன்று. நமக்குப் புதியவற்றுள் ஒன்று "ஃபேன்" என்பதில் வரும் ஒலி. மேற்பல் கீழுதட்டைத் தொட, காற்றை வெளியே விட வேண்டும். உதடுகளை மூடிவிட்டால் மின்விசிறி தலையில் ஊரும் பேனாகிவிடும்!

இன்னும் இரண்டு பழக்கங்களைக் கவனியுங்கள். சொல்லின் முடிவில் உகரத்தை ஒட்டி "பஸ்ஸு", "புக்கு" என்பதும், முதலில் இகரத்தைச் சேர்த்து "இஸ்கூல்" என்பதும் நம் நாவின் வழக்கம். இவற்றைக் குறைக்க வேண்டும். "டூ பிரதர்" என்று நிறுத்தாமல் "டூ பிரதர்ஸ்" என்று பன்மையின் கடைசி ஒலியைக் கேட்கும்படி சொல்ல வேண்டும். கடைத்தெருவில் "கேன் லா" என்று பேசுவது நம் நாட்டு வழக்கு. அதைப் பழிக்க வேண்டியதில்லை. தேர்வு அறையில் முழு வாக்கியம் பேச வேண்டும். வேலைக்கு ஓர் உடை, கோயிலுக்கு ஓர் உடை உடுத்துகிறோம் அல்லவா?

நேயர்களே, இனிச் சொல்லப்போவது பெரியவர்களுக்கு. நாங்கள் அறிந்த பல வீடுகளில் பிள்ளையின் நாவைக் கட்டிப்போடுவது இலக்கணம் இல்லை, கேலிதான். பிள்ளை கண்ணாடி முன் நின்று இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசிப் பார்க்கிறது. வாசலில் உட்கார்ந்திருக்கும் மாமா, "ஏய், பெரிய துரை வந்துட்டாருடா!" என்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். அவர் அன்போடுதான் சொன்னார். ஆனால் அந்தப் பிள்ளை மறுநாள் கண்ணாடி முன் நிற்பதில்லை. தவறாகப் பேசினாலும் சிரிப்பு, சரியாகப் பேசினாலும் சிரிப்பு என்றால் பிள்ளை எங்கேதான் பழகும்? பெண் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். தேர்வு முடியும்வரையாவது வீட்டில் ஒரு விதி வையுங்கள்: ஆங்கிலம் பேசிப் பழகும் பிள்ளையைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது.

ஆங்கிலம் தெரியாத தாய் தேர்வாளராக அமர முடியுமா? முடியும். கூடத்தில் நாற்காலியைப் போட்டு எதிரே உட்காருங்கள். பிள்ளை உங்கள் கண்ணைப் பார்த்துப் பேசுகிறதா? தாளைப் பார்த்து வாசிக்கிறதா? குரல் உங்கள் காதுக்குத் தெளிவாக எட்டுகிறதா? எத்தனை இடத்தில் நின்றது? கடிகாரத்தில் ஒரு நிமிடம் ஆகிவிட்டதா? இந்த ஐந்தையும் கவனிக்க ஆங்கிலம் வேண்டாம். கைப்பேசி இருந்தால் குரலைப் பதிவு செய்து பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். தன் குரலைத் தானே கேட்கும்போது பாதித் தவறுகள் தெரிந்துவிடும். மீதியை மறுநாள் பள்ளியில் ஆங்கில ஆசிரியரிடம் கேட்கட்டும்.

நாளொன்றுக்குக் கால் மணி நேரம் போதும். ஐந்து நிமிடம் பாடநூலை உரக்க வாசித்தல். ஐந்து நிமிடம் ஒரு தலைப்பில் இரண்டு முறை பேசுதல். முதல் முறை தடுமாறிய இடம் இரண்டாம் முறை சீராகும். கடைசி ஐந்து நிமிடம் இருவராய்க் கலந்து பேசுதல். பேச்சுத் தேர்வு பெரும்பாலும் எழுத்துத் தேர்வுகளுக்கு முன்பே வந்துவிடும். ஆகவே கடைசி மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. படிவம் நான்கிலேயே தொடங்குவது நல்லது. தேர்வுக்கு முந்திய இரவு புதிதாக எதையும் படிக்க வேண்டாம், நேரத்தோடு தூங்கட்டும்.

இந்தப் பழக்கம் எஸ்.பி.எம். தேர்வோடு முடிந்துவிடுவதில்லை. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குச் செல்ல விரும்பும் பிள்ளை மூயெட் என்னும் ஆங்கிலத் தேர்வையும் எழுத வேண்டும். மலேசியத் தேர்வு மன்றம் நடத்தும் அந்தத் தேர்வில் முன்பு பேச்சுக்கு 15 விழுக்காடுதான் இருந்தது. 2021 முதல் வாசிப்பு, எழுத்து, கேட்டல், பேச்சு ஆகிய நான்குக்கும் சமமாக 25 விழுக்காடு வைத்திருக்கிறார்கள். அங்கேயும் தனியே பேச வேண்டும்; பிறகு குழுவாகக் கலந்து பேச வேண்டும். இன்று கூடத்தில் பழகும் அதே வேலைதான். அதற்கு அப்பால் வேலைக்கான நேர்முகம் இருக்கிறது. மருத்துவமனையிலோ வங்கியிலோ அம்மாவுக்காகப் பேச வேண்டிய நாளும் வரும். அங்கே நம் குறையை எடுத்துச் சொல்ல நடுவில் ஒரு கிராணியைத் தேட வேண்டியிராது.

இதற்காகத் தமிழை விட வேண்டும் என்று யாரும் எண்ண வேண்டாம். வீட்டில் வாயாரத் தமிழ் பேசி, கதை கேட்டு, கேள்வி கேட்டு வளரும் பிள்ளைக்குச் சொல்வதற்குச் செய்தி இருக்கும். செய்தி இருந்தால் அதைச் சொல்ல மொழியைப் பழகிக்கொள்ளலாம்.

ஆகவே இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் பிள்ளையை எதிரே உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இன்றைக்குப் பள்ளியில் என்ன நடந்தது? ஆங்கிலத்தில் ஒரு நிமிடம் சொல், நான் கடிகாரம் பார்க்கிறேன்." முதல் நாள் இருபது நொடியில் நின்றுவிட்டால் கவலைப்பட வேண்டாம். "நாளைக்கு இன்னும் பத்து நொடி" என்று சொல்லி எழுந்திருங்கள்.